குமரன் பார்க்காத குதிகால்

நவம்பர் 16, ஞாயிறு

ஓவியக் கண்காட்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே குமரனின் கட்டுரை. லாஸ்பேட்டைக் கல்லூரியில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன். என் அலமாரி நிறைய இருக்கும் பிரெஞ்சு ஓவிய நூல்களில் ஒன்றைக்கூட அவன் புரட்டியதில்லை.

“நீங்க பேசியே தீத்துட்டீங்க சார், நான் எழுதிட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

அவன் பிழையைப் பிடிக்கவே, கட்டுரையில் அவன் விளக்கியிருந்த படத்தின் முன் வெகுநேரம் நின்றேன். கதவருகே நிற்கும் பெண் யாருக்காகவோ காத்திருக்கிறாளாம். முட்டாள். அவள் குதிகாலில் சேறு இன்னும் காயவில்லை. இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள்; உள்ளே போகத் துணிவில்லை.

இதை அவனிடம் சொல்லமாட்டேன். சொன்னால் தன் பெயரில் போட்டுக்கொள்வான். நானே எழுதுகிறேன்.

கதவைத் தட்ட எழுந்த அவள் கையில் மட்டும் வண்ணம் இருமுறை பூசப்பட்டிருக்கிறது. ஓவியரும் அங்கே தயங்கியிருக்க வேண்டும்.