வியோரிக்கா எடுத்துப்போன கத்தி

அன்பு மகன் யென்ஸுக்கு அம்மா எழுதுவது. கிரீஸ் வெயில் உன்னை வாட்டாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறார். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு வாரமாகக் கொதிக்கிறது, காரணம் நீ என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

பெரிய வயலில் அஸ்பாரகஸ் தண்டு வெட்டுவதை நிறுத்திவிட்டோம். வெட்டை முடிக்கிற யோவான் திருநாளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதற்கு முன்னால் நம் வீட்டில் யாரும் கத்தியைக் கீழே வைத்ததில்லை. கடைக்காரன் உங்கள் கிரீஸ் கட்டுகளை வாசலிலேயே அடுக்கியிருக்கிறான், அவன் விற்கிற விலையில் எங்களுக்கு வெட்டுக்கூலிகூடத் தேறாது. கேட்டால், "உங்க தண்டும் வெள்ளை, அதுவும் வெள்ளை, ஜனங்க விலையத்தான் பாக்குறாங்க, நான் என்னம்மா பண்றது" என்கிறான். பெட்டியில் இருந்தது, நீ அனுப்பிய படத்தில் உன் தொப்பியில் இருக்கும் அதே முத்திரை. ஒரு கட்டு வாங்கிவந்து அவித்தேன். அப்பா வெண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நம்ம பையன் ஆச்சே" என்றார். நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

வெயில் அங்கே அதிகம், தண்டு சீக்கிரம் விளைகிறது, அதற்காக நான் யாரையும் திட்ட மாட்டேன். நீ அங்கே வேலைக்குப் போனபோதும் தடுக்கவில்லை. ஆனால் நம் வியோரிக்கா, பத்தொன்பது வருஷமாக ருமேனியாவிலிருந்து வந்து நமக்கு வெட்டிக்கொடுப்பவள், நீ பள்ளிக்கூடம் போகாமல் வயலில் ஒளிந்த நாளெல்லாம் தன் சாப்பாட்டில் பாதியை உனக்குக் கொடுத்தவள், அவளுடைய தங்கை மகள் உன்னிடம்தான் வேலை செய்கிறாளாம். வெட்டின கடைசி நாள் குனிந்து வெட்டிக்கொண்டே சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை. "பன்னெண்டு மணி நேரம் குனிஞ்சா எட்டுன்னு எழுதுறாங்களாம், படுக்கிற கட்டிலுக்கும் கூலில புடிக்கிறாங்களாம். எழுதுறது உங்க யென்ஸ்தானாம். நல்ல பையனாம், சத்தம் போட மாட்டானாம்."

நல்ல பையன்! என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஆட்கள் மழைக்கு ஒதுங்கி நின்ற நேரத்துக்கும் கூலி கொடுப்பவர் உன் அப்பா. அந்த வீட்டில் வளர்ந்த நீ எழுதாமல் விட்ட நாலு மணி நேரம்தான் இங்கே கடை வாசலில் மலிவாக அடுக்கியிருக்கிறது. முதலாளி சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுதாதே. அவருக்கும் பேனா பிடிக்கத் தெரியும், அவரே எழுதிக்கொள்ளட்டும்.

வெட்டு நின்றதால் ஆட்களை முன்னதாகவே அனுப்பிவிட்டோம். வியோரிக்கா ஒவ்வொரு வருஷமும் தன் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசி, கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். இந்த வருஷம் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கொட்டகையில் அந்த ஆணி வெறுமையாக இருக்கிறது.

வயலில் வெட்டாமல் விட்ட தண்டுகள் மண்ணுக்கு வெளியே வந்து முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்கின்றன. வேர் சாகவில்லை, உழ வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டைப் பன்னிரண்டு என்று எழுது. வேலை போனால் போகட்டும், கிளம்பி வா, கோபமாகத்தான் கதவைத் திறப்பேன், ஆனாலும் திறப்பேன்.

கடவுள் உனக்கு நல்ல உடம்பும் நேர்மையான கையும் கொடுக்கட்டும். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. வியோரிக்காவின் தங்கை மகள் பெயர் மிரேலா. உன் பட்டியலில் இருப்பாள், அவளிலிருந்து தொடங்கு.

உன் அம்மா
ரோஸ்வித்தா