கேட்காமல் வந்த பெட்டி

பரந்தன்,
மாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லக்சிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது, வற்றாப்பளை அம்மாளின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என்னுடைய பழைய கொம்பியூட்டரும் சுகம், அதிலேதான் இந்தக் கடிதத்தை அடித்துக்கொண்டிருக்கிறேன். ரொறன்ரோவில் நீயும் மருமகனும் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வசனம் சொல்லி முடிக்க முதல் நீ நான்கு வசனம் சொல்லிவிடுவாய், அதோடு என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் அம்மாவுக்குப் பிரஷர் கூடிவிட்டது என்று அப்பாவிடம் முறையிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது, ஆகவே இருந்து முழுக்க வாசி.

செவ்வாய்க்கிழமை காலை நான் என் தட்டச்சுக் கடைக் கதவைத் திறந்துகொண்டிருக்க, கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிற பிரதீபன் ஓட்டோவில் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினான். என்ன தம்பி என்று கேட்டால், "லக்சிகா அக்கா புதுசு ஒண்டு ஓடர் பண்ணினவா அன்ரி, இதைப் பூட்டிப்போட்டுப் பழசைக் கொண்டுபோகச் சொன்னவா" என்கிறான். எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது. "அம்மாக்கு முதலே சொல்லாதேங்கோ, சொன்னால் விடமாட்டா எண்டு சொன்னவா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். நான் விடமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டும் செய்திருக்கிறாய் பிள்ளை. எனக்குக் கோபம் வந்ததும் அதற்குத்தான், இன்னும் அது முழுதாக ஆறவில்லை.

இதற்கெல்லாம் மூலகாரணம் உன் அப்பா. கமலாட்சி ரீச்சர் காலமானது உனக்குத் தெரியும், அவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு, அவரின் வாழ்க்கையும் குடும்பத்தாரின் பெயர்களும் போட்டுக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை என்னிடம்தான் தந்திருந்தார்கள். பாதிப் பக்கம் போட்டபோது கொம்பியூட்டர் பட்டென்று நின்றது, திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மறுபடியும் நின்றது. அந்தியேட்டியைத் தள்ளிவைக்க முடியாது, புத்தகம் அன்று சபையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சந்தியில் இனி ஒரு குடும்பமும் என் படியேறாது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்க அப்பா வெளியே போய் உனக்குப் போன் எடுத்து, "அம்மான்ர மெசின் செத்துப்போச்சு" என்று மரண அறிவித்தல் கொடுத்துவிட்டார். நீ அதைப் பிடித்துக்கொண்டு, அம்மா இந்த வயதில் இனி ஏன் கண்ணைக் கெடுக்க வேண்டும், கடையைப் பூட்டட்டும், கல்வெட்டை நான் இங்கே லப்டொப்பில் செய்து அனுப்புகிறேன், புதுப்பெட்டி வீடியோ கோலுக்கு உதவும் என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறாய்.

உனக்கு லப்டொப் தெரியும், கல்வெட்டுத் தெரியாது. ரீச்சரின் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. மருமக்களில் யார் பெயர் முதலில் வருவது, பிரிந்துபோன மருமகனைப் போடுவதா விடுவதா, இதெல்லாம் என் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து திரையைப் பார்த்துப் பேசித் தீர்க்கிற விஷயம். மூத்தவன் செந்தூரன் வந்து "அன்ரி, என்ர மனிசின்ர பேரை ஒருக்கா மேல தூக்குங்கோ" என்றான், அவன் போனதும் தங்கைக்காரி வந்து "அதைக் கீழ இறக்குங்கோ" என்றாள். நான் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு இருத்தி, பிரிந்துபோனவர் உட்பட எல்லா மருமக்களையும் அகர வரிசையில் அடித்துக் காட்டினேன். இரண்டு பேரும் திரையில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்துவிட்டுச் சரி என்றார்கள், போகும்போது ஒரே ஓட்டோவில் போனார்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு நீ அதை எப்படிச் செய்வாய் சொல் பார்ப்போம்.

சரி, பிரதீபனுக்கு வருகிறேன். புதுப்பெட்டியில் ஒட்டியிருந்த ரேப்பில் கை வைக்க நான் விடவில்லை, முதலில் பழையதைத் திறந்து என்ன வருத்தம் என்று சொல்லு என்றேன். திறந்தான், திறந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டான். "அன்ரி, உள்ளுக்கு அரைப் புசல் நெல்லுக் கிடக்கு" என்றான். வயலில் அருவி வெட்டி நெல் எடுத்த கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது என்று அப்பா மூடைகளையெல்லாம் என் கடை அறைக்குள்தானே இறக்கினார், அந்தப் பதரும் தூசியும் விசிறிக்குள் போய் இறுகிப்போயிருந்தது. அது போதாதென்று, தூசி போகாமல் பாதுகாக்கிறாராம், நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே தடித்த துவாயால் பெட்டியைப் போர்த்துவார், நான் இழுத்து எறிய எறியத் திரும்பப் போர்த்துவார். சூடு ஏறி அது மூச்சுமுட்டி நின்றிருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. அப்பா அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

பிரதீபன் ஊதித் துடைத்துப் புது விசிறி பூட்டினான். மெதுவாக ஓடுவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு உள்ளே இருக்கிற தட்டை மாற்றி எஸ்.எஸ்.டி. என்கிற புதுச் சாமானைப் போட்டு, ராம் மெமரியும் கூட்டினால் இன்னும் சில வருடம் ஓடும் என்றான். புதியதில் நான் புத்தகப் பக்கம் போடுகிற பழைய புரோகிராம் ஓடுமா என்று கேட்டேன், "அது கஷ்டம் அன்ரி" என்றான். அதோடு முடிந்தது. என் எழுத்துருக்கள், பூக்கரைகள், சாமி படங்கள், இதுவரை செய்த கல்வெட்டுகள் எல்லாம் இருந்தது இருந்தபடியே வேண்டும் என்றேன், அப்படியே மாற்றித் தந்தான். வைரஸ் வரும் என்று நீ சொல்வாய், அதற்காக இன்ரநெற் வயரைக் கழற்றிவிட்டேன், இந்தக் கடிதமும் பென்ட்ரைவில் ஏறி அப்பாவின் போன் வழியாகத்தான் உனக்கு வருகிறது. இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் திறந்துவிடுகிறது. கல்வெட்டும் நேரத்துக்கு முடிந்து சபையில் கொடுத்தார்கள். உன் புதுப்பெட்டி ரேப் உடையாமல் பிரதீபனோடு திரும்பிப் போய்விட்டது.

உன் அன்பு எனக்குத் தெரியும் பிள்ளை, நீ அங்கே பனிக்குள் இரண்டு வேலைக்கு ஓடுவதும் தெரியும். ஆனால் விட்டுவிடுங்கோ என்று இலேசாகச் சொல்லாதே. விட்டுவிட்டு வந்த சாமான்கள் போதும் எங்களுக்கு, சண்டைக்குள் வீட்டை விட்டு, பெட்டியையும் தையல் மெசினையும் ரோட்டில் விட்டுவிட்டு உன்னை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு நானே பழகி நானே உழைத்து வாங்கியது இது. சந்தியில் என்னை யோகலிங்கத்தாரின் மனிசி என்று கேட்டால் சிலருக்குத் தெரியாது, கல்வெட்டு அடிக்கிற அம்மா என்றால் பஸ் கொண்டக்டரும் இறக்கிவிடுவான். ஒரு நாள் இது உண்மையாகவே நின்றுவிடும், அது தெரியாத பைத்தியக்காரி இல்லை நான். அன்றைக்கு நானே பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய், கடையில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, என் கைக்குப் பிடித்ததை எடுத்துவருவேன். எடுத்த பிறகு உனக்குச் சொல்வேன்.

மற்றும்படி பசு கன்று போட்டிருக்கிறது, நெல் இன்னும் விற்கவில்லை, மூடைகளை என் அறையிலிருந்து எடுப்பித்துவிட்டேன். அப்பா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, இப்போது கதைக்கிறார். பனி கொட்டுகிற நேரம் வாகனம் ஓடாதே, காலைச் சாப்பாட்டோடு மட்டும் நாளை ஒப்பேற்றாதே, மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ அம்மாள் துணை நிற்பாள். மறந்துவிடாதே, பிரதீபனுக்கு இனி எனக்குத் தெரியாமல் போன் எடுக்கக் கூடாது, அவனிடமும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்மேல் உயிராயிருக்கும் அம்மா,
யோ. ஜெயரூபி,
உரிமையாளர்,
ரூபி கணினித் தட்டச்சு நிலையம்,
பரந்தன் சந்தி.