ரயிலில் அவர் தூங்கியபோது

நவம்பர், இரண்டாம் ஞாயிறு. இரவு.

மைசூரிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டேன். முட்டிக்குக் கீழே லேசாகச் சிவந்திருக்கிறது. வலி இல்லை.

கால் போன அந்த விபத்துக்குப் பிறகு இந்த ஒரு வருடத்தில் எங்கே போனாலும் என் வீட்டுக்காரர் விழித்தபடியேதான் வருவார். வேளாங்கண்ணிக்குப் போனபோது ராத்திரி முழுக்க அவர் கண்ணை மூடவில்லை. இன்றைக்கு மத்தூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார். எனக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. தோளை மெல்ல விலக்கிக்கொண்டு, சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நானே போனேன். ரயில் ஆட்டத்தில் ஒரு தடவை தடுமாறினேன், விழவில்லை. சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும்போது அவர் "ரீட்டா! ரீட்டா!" என்று கத்திக்கொண்டு எதிரே ஓடி வந்தார். காலில் செருப்புகூட இல்லை. பெட்டியே எங்களைப் பார்த்தது.

"சொல்லிட்டுப் போகக்கூடாதா?"

"சொன்னா நீங்களும் கூடவே வருவீங்க."

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். என்னைப் பிடிக்க நீட்டிய கையை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். அடிபட்டது எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

உட்கார்ந்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் தூங்கட்டா?" என்று கேட்டார்.

"தூங்குங்க. நாம இறங்கற கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வந்தா நான் எழுப்பறேன்."

நான்தான் எழுப்பினேன்.