அப்பப்ப வலிக்கும்

மார்ச் 4

காலையில் தேக்கு லோடு வந்தது. பிடித்த கட்டையை ஏறெடுத்தும் பார்க்காமல், பிடிக்காததையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரன் ஏமாந்தான். ஆசையைக் காட்டினால் விலை ஏறும். கடை வைத்த நாளிலிருந்து எனக்கு இது ஒன்றுதான் வேதம்.

சின்னவனுக்கு மறுபடியும் முழங்கால் வீக்கம். பிறவியிலேயே இரத்தம் உறையாத உடம்பு. அடிபடாமலே மூட்டுக்குள் கசிகிறது. ஊசி போட்டால் அடங்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இரத்த டாக்டரம்மா எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் கமிஷன் ஒன்றும் இல்லாமலா?

மார்ச் 7

காரிலேயே சொல்லிக் கூட்டிப்போனேன். "வலிக்குதான்னு கேட்டா 'அப்பப்ப'ன்னு மட்டும் சொல்லு. நம்ம அவசரம் தெரிஞ்சா கத்தியைத் தூக்கிடுவாங்க."

"சரிப்பா."

எலும்பு டாக்டர் ஒல்லியான ஆள், அளந்துதான் பேசுகிறார். காலை மடக்கிப் பார்த்தார். சின்னவன் முகம் இறக்கிவிட்ட ஷட்டர் மாதிரி இருந்தது. என் பிள்ளை!

"எத்தனை தடவை வீங்குது தம்பி?"

அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எப்பவாவதுதான் டாக்டர்."

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு கெடல. எப்பவாவதுன்னா இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். ஊசியை விடாம போடுங்க. அடிக்கடி வீங்கினா உடனே வாங்க."

இரவெல்லாம் கணக்குப் போட்டேன். கத்தி வைத்திருக்கிறவரே வேண்டாம் என்கிறார். ஏன்? வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பும் கடைக்காரனை நான் பார்த்ததே இல்லை. இரத்தம் நிற்காத பையன் என்று பயமா? இல்லை, மூட்டு மொத்தமாகப் போகட்டும், பிறகு இரும்பு மூட்டாகவே வைக்கலாம் என்று காத்திருக்கிறாரா?

மார்ச் 19

மச்சானை விட்டு அந்த டாக்டரைப் பற்றி விசாரித்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் பகல் முழுக்க உட்கார்ந்து ஊர்வம்பு பேசிவிட்டு வந்திருக்கிறான்.

"மாமா, அவரு கத்தியைத் தொடவே ஆயிரம் தடவை யோசிப்பாராம்."

"பயந்தாங்கொள்ளியா?"

"ஒரு கட்டையை வாங்க ஒரு வாரம் சுத்திச் சுத்தி வர்ற நீங்க இதைக் கேக்குறீங்களா?"

நக்கல். இவனைப் போய் அனுப்பினேனே.

ஏப்ரல் 2

சின்னவன் வலி என்று வாயே திறப்பதில்லை. நல்லதுதான். நல்லதுதானா?

ஏப்ரல் 28

மதியம் கடைக்கு போன் வந்தது. மனைவி அழுகிறாள். "மாடிப்படியில உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குறான்ங்க அவன். நீங்க கிளம்பின பிறகுதான் தினமும் இறங்குவானாம். நானே இன்னைக்குத்தான் பார்த்தேன்."

ஓடினேன். பேன்ட்டைத் தூக்கச் சொன்னேன். முழங்கால் பந்து மாதிரி, தொடை குச்சி மாதிரி. ஊசியை அவனே போட்டுக்கொள்கிறான், எங்களுக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை நாளாடா?"

"அன்னைக்கு டாக்டரைப் பார்த்தப்பவே இப்படித்தான்பா. அடிக்கடி."

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீங்கதானே அப்பப்பன்னு சொல்லச் சொன்னீங்க."

"அது டாக்டர்கிட்டடா!"

"வலிக்குதுன்னா நீங்களும் சந்தேகமாத்தானே பார்ப்பீங்க?"

ஊரையே சந்தேகப்பட்டேன். வீட்டுக்குள்ளே, நானே சொல்லிக்கொடுத்த பொய்யை — அதை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறேன்.

மே 3

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "மூட்டுக்குள்ள இருக்கற சவ்வு தடிச்சுப் போயிருக்கு. அதுலேர்ந்துதான் கசியுது. துளை போட்டு அதை எடுத்துட்டா கசிவு குறையும். ஆனா குருத்தெலும்பு கொஞ்சம் அரிச்சிடுச்சு. அது திரும்பி வராது. கால் முழுசா மடங்கும்னு நான் வாக்கு கொடுக்க மாட்டேன்."

புத்தி போகுமா? கேட்டே விட்டேன். "அன்னைக்கு வேண்டாம்னீங்க. இன்னைக்கு மட்டும் எப்படி?"

அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கு எப்பவாவதுன்னு சொன்னீங்க. நான் நம்பினேன்."

என் பேச்சை நம்பினவர்களை நினைத்து எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்து சிரித்திருக்கிறேன். இன்று —

கையெழுத்துப் போட்டேன்.

மே 17

ஆபரேஷன். உறைய வைக்கும் மருந்து முன்னேயும் ஏறியது, பின்னேயும் ஏறுகிறது. ஒவ்வொரு பாட்டிலாக வாங்கித் தேதி பார்த்தேன்.

"சார், நாங்க பார்த்துட்டோம்" என்றாள் நர்ஸ்.

"நானும் பார்க்கிறேன்மா. குறைஞ்சா போயிடும்?"

இரத்தம் நின்றுவிட்டதாம். முழங்கால் கட்டுத்துணியை நானும் குனிந்து பார்த்தேன். நின்றிருக்கிறது.

ஜூன் 8

காலை மடக்கப் பயிற்சி. பாதிக்குக் கொஞ்சம் மேலே மடங்குகிறது. பயிற்சி கொடுக்கிற பெண், "எவ்வளவு வலிக்குது தம்பி?" என்று கேட்டாள்.

சின்னவன் என் முகத்தைப் பார்த்தான்.

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அதன் பிறகுதான் அவன் கத்தினான். அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி.

பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "உங்க பையனா? ரொம்ப வலிக்குதோ?"

"ஆமாங்க" என்றேன். "ரொம்ப வலிக்குது."