சிவப்புக் காரின் அடிவயிறு

நேற்று மத்தியானம் ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். வேலூரிலிருந்து ஓடி வந்த சூடு அதற்கு இன்னும் ஆறவில்லை. சைலன்சர் குழாயில் ஒட்டியிருந்த தார் கருகி, அந்த வாசனை முகத்தின் மேல் இறங்கியது. நீ பக்கத்தில் படுத்திருப்பதாகவே நினைத்து, "அந்த டார்ச்சக் குடுறா" என்று கையை நீட்டிவிட்டேன். கை அப்படியே காற்றில் நின்றது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது என்று ஊர் சொல்கிறது. நான் அவ்வளவாக நம்பவில்லை.

ஆரணியில் உன் வீட்டுப் பட்டுக்கடையில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "பொடவ மடிச்சி வெக்கறதுக்கு எங்க அண்ணன் போதும்" என்பாய். சென்னையில் ஏலத்தில் எடுத்து வந்தாயே, சீமையில் செய்த, கூரையில்லாத அந்தச் சிவப்புக் காரை! இரண்டே பேர் உட்காரலாம். அன்று காலையில் உங்கள் தெருவை அடைத்துத் தறிக்குப் பாவு நூல் விரித்திருந்தார்கள். அவர்கள் சுருட்டி முடிக்கும்வரை பொறுக்காமல் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுவிட்டு, சேவூர் ரோட்டிலிருந்த என் வெல்டிங் பட்டறைக்கு அதைத் தள்ளிக்கொண்டே வந்தாய்.

முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினோம். திறந்திருந்த கதவை நீ சாத்தப் பார்த்தாய். சாத்த வரவில்லை. கூரையில்லாத காருக்கு அடிப்பாகம்தான் முதுகெலும்பு. அது துருவேறித் தளர்ந்து போயிருந்ததால், ஒரு மூலையைத் தூக்கியதும் உடம்பு மொத்தமும் கோணிக்கொண்டது.

"பாத்தியா, ஈரத்துணி மாரி முறுக்கிக்குது" என்றாய்.

"இத்த வெச்சிகினு மலை ஏறப் போறியா?"

"நீ கீறியே."

நான்கு மாதம் அதன் அடியிலேயே கிடந்தோம். இரண்டு ஓரத்திலும் நீளத்துக்கு இரும்புச் சானல் சட்டம் வைத்துப் பற்றவைத்தேன். நடுவில் பெருக்கல் குறிபோல் ஒரு தாங்கு. அதையும் பற்றவைக்கலாம் என்றேன். கியர் பாக்ஸை இறக்க வேண்டுமென்றால் என்ன செய்வாய் என்று நீ சண்டைக்கு வந்து, போல்ட் போடவைத்தாய். அப்புறம் சூடு. சைலன்சர் குழாய் ஓட்டுகிறவனின் காலடியில்தான் போயிற்று. செய்யாறு வரை போய்த் திரும்பினால் உன் ரப்பர் செருப்பு தரையில் ஒட்டிக்கொள்ளும். கல்நார்க் கயிறு சுற்றிப் பார்த்தோம், சூடு உள்ளேயே அடங்கி இன்னும் மோசமானது. கடைசியில் குழாய்க்கும் தரைக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்றை, இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டோம். "காத்துக்கு வழி உட்டா சூடு தானா பூடும்" என்றாய். போயிற்று.

மறுபடி ஜாக்கி போட்டோம். கதவு ஒரே தள்ளில் சாத்திக்கொண்டது. நீ திறந்து திறந்து மூடிச் சிரித்ததை இன்னும் பார்க்கிறேன்.

மலைமேல் கார் ஏற்றும் போட்டிக்குச் சில நாள் முன்னால் மோகன் வந்தான். கலசப்பாக்கத்து ரைஸ் மில்காரர் மகன். அப்பா இறந்துவிட்டார், அம்மா மட்டும். அவனிடமும் கூரை எடுத்த பழைய கார் ஒன்று இருந்தது. நம் காரின் அடியில் படுத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"அண்ணா, எனக்கும் இதே மாரி செஞ்சி குடுப்பீங்களா?"

நீ என்னைப் பார்க்காமலே, "போட்டி முடியட்டும் தம்பி, பாத்துக்கலாம்" என்றாய். ஜெயிக்க ஆசைப்படுகிற எவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

ஜவ்வாது மலைச்சாலையில் நாலைந்து ஊர்ப் பையன்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட போட்டி அது. ஒவ்வொரு காராக விட்டார்கள். உனக்கு முன்னால் மோகன். நான் அடிவாரத்தில் நின்றேன். மேலே புகையைப் பார்த்ததும் யாரோ ஒருவனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு ஏறினேன்.

அவன் கார் வளைவில் பாறையில் மோதி, மடங்கி நின்றிருந்தது. கொதித்த குழாயிலிருந்து தரை விரிப்பில் தீப்பற்றியிருந்தது. ஸ்டியரிங் அவன் கால்களை அழுத்திப் பிடித்திருக்க, கதவைத் திறந்தால்தான் இழுக்க முடியும். உடம்பு கோணியதில் கதவு இறுகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கதவை இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் வெந்து, நீ சாலையில் உட்கார்ந்திருந்தாய். சற்றுத் தள்ளி உன் சிவப்புக் கார், கதவு அகலத் திறந்தபடி.

அதற்குப் பின் நீ அதை ஓட்டவில்லை. ஆனால் பட்டறைக்கு வந்த ஒரு காரையும் விடமாட்டாய். டாக்ஸியோ கல்யாணக் காரோ, ஜாக்கி போட்டுக் கதவை ஆட்டிப் பார்ப்பாய். டிரைவர்கள் சிரிப்பார்கள். பேசிக்கொண்டே இருக்கையில் சட்டென்று தலையைத் திருப்புவாய்.

"யாரோ தட்டிகினு கீறாங்கடா."

"பக்கத்து வூட்டுத் தறிடா" என்பேன்.

தலையாட்டுவாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திரும்புவாய். வேறு ஊருக்குப் போயிருந்தால் தப்பித்திருப்பாயோ என்னவோ. ஆரணியில் தறிச் சத்தம் ஓயாத இடம் எது?

ஒரு நாள்தான் முழுவதும் சொன்னாய். அவன் உள்ளேயிருந்து தட்டினானாம். கடைசிவரை "கதவு, கதவு" என்றானாம். வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

மாதம் ஒருமுறை கலசப்பாக்கம் பஸ் ஏறி அவன் அம்மாவைப் பார்க்கப் போவாய். இரண்டு தடவை நானும் கூட வந்தேன். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பாள். நீ ஒரே பொய்யைப் பதிலாகச் சொல்வாய். எனக்கு அப்போதெல்லாம் உன்மேல் கோபம் வந்தது.

போன வாரம் நான் போனேன். உன் செய்தியைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான். அந்த அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, வாசல் வெளிச்சத்தில் ஆள் நிழல்போலத்தான் தெரிகிறதாம். செருப்பைக் கழற்றும்போதே, "வந்துட்டியா தம்பி? இத்தன மாசமா ஆளக் காணமே" என்றாள். என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவினாள். "பரவால்ல, தழும்பெல்லாம் ஆறிப்போச்சே."

நான் நீ இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"கடைசியா எம் புள்ள இன்னா சொன்னான் தம்பி?"

உள்ளே யாரோ அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

"அம்மான்னுதான் கூப்டான்" என்றேன்.

அவள் என் கையை விடாமல் தலையாட்டினாள். அடுத்த மாதமும் வரச் சொன்னாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.