நான்காவது பெயர்

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனையில் நோயாளிகளின் பெயர்களை வாசித்த போதகர், மூன்றாவதிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவினார். எழுந்து நின்றேன். "நாலாவது பேரை விட்டுட்டீங்க" என்றேன். வாசித்தார். என் மகளின் பெயர். அவளைப் புதைத்து ஐந்து வாரம் ஆகிறது.

அந்த ஜெபப் பலகையைச் செய்தவன் நான். பன்னிரண்டு சட்டம், பன்னிரண்டு அட்டை; அப்போஸ்தலர் கணக்கு. இருபது வருடமாகப் பெயர் சொருகுவதும் எடுப்பதும் என் பொறுப்பு. இதை எடுக்க மாட்டேன்.

மார்ச் 3

போதகர் வீட்டுக்கு வந்தார். கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்கிறார் என்று ஆரம்பித்தார்.

"அப்ப எங்க வீட்டுல அவருக்குப் பிடிக்காததுங்க மட்டுந்தான் மிச்சமா?" என்றேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 5

மனைவி கேட்டாள்: "அவதான் போயிட்டாளே. குணமாக்குன்னு இன்னும் எதுக்குங்க கேக்கணும்?"

குணமாக்கச் சொல்லி யார் கேட்டது? கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. வாராவாரம் அந்தப் பெயர் ஆண்டவர் காதில் விழட்டும். கூசட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

வாசித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

மார்ச் 11

அந்த அட்டையை அவளேதான் எழுதினாள், மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின நாள். "உங்க கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்குப்பா, ஆண்டவருக்கே புரியாது" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். நாலு மூலையையும் கத்தரியால் வளைத்து வெட்டினாள். புரிகிற மாதிரிதான் எழுதியிருந்தாள். அப்புறமும் ஏன்?

மார்ச் 14

எங்கள் சபையின் தையல்காரர் வந்தார். வாசலிலேயே நின்றார். பேத்திக்கு நாலு வயது, மூளைக்காய்ச்சல். பலகையில் பெயர் போடவேண்டும். பன்னிரண்டும் நிரம்பியிருக்கிறது, அவருக்கும் தெரியும்.

மூன்று வருடம் முன்னால் இவர் மனைவி இறந்தபோது, அடக்கம் முடிந்த கையோடு அட்டையை எடுத்துவிட்டேன். "ஒரு வாரம் இருக்கட்டும்ணே" என்று கெஞ்சினார். குணமானாலும் இறந்தாலும் அன்றைக்கே எடுப்பதுதான் சட்டம் என்றேன். சட்டம் போட்டவனும் நான்தான்.

அதைச் சொல்லிக் காட்டுவார் என்று பார்த்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"உங்க பொண்ணு அட்டை இருக்கட்டும்ணே. அதுக்குப் பின்பக்கம் எம் பேத்தி பேரை எழுதிக்கலாமா? போதகர்கிட்ட அட்டையைத் திருப்பி வாசிக்கச் சொல்லிடலாம்."

பார்க்கலாம் என்று கதவைச் சாத்தினேன். மனுஷனா நான்?

மார்ச் 15

ஆலயத்துக்குத் தனியாகப் போனேன். நான்காவது சட்டத்திலிருந்து அட்டையை உருவினேன். லேசில் வரவில்லை, ஈரத்தில் ஒட்டியிருந்தது. பின்பக்கம் வெறுமைதான். எழுத மனம் வரவில்லை, அது அவளுடையது; சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புது அட்டையில் குழந்தையின் பெயரை நிறுத்தி எழுதினேன். மூலைகளை வளைத்து வெட்டினேன்; ஒன்று கோணலாகிவிட்டது. அப்படியே நான்காவதில் சொருகினேன்.

சமாதானமாகிவிட்டேன் என்று ஆண்டவர் நினைத்துக்கொள்ள வேண்டாம். இது குழந்தைக்காக.

மார்ச் 16, ஞாயிறு

நான்காவது பெயருக்கு ஆமென் சொன்னேன். சத்தமாகவே. மனைவி திரும்பிப் பார்த்தாள்.

மார்ச் 29

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாம், கஞ்சி கேட்கிறதாம். தையல்காரர் சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்குச் சந்தோஷந்தான். வயிறும் எரிந்தது. இந்தக் குழந்தைக்காகக் கேட்டதற்கு மட்டும் பதில் வந்ததே என்று எரிந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

சட்டப்படி இன்னைக்கே எடுத்துடலாம்ணே என்றார், என் முகத்தைப் பார்த்து.

"ஒரு வாரம் இருக்கட்டும்" என்றேன்.