வாரம் ஒரு ஊசி, தம்பிக்காக

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து மழை. தேஹு ரோடு ஸ்டேஷனில் குடை காற்றில் திரும்பிக்கொண்டது. ஆபீசுக்கு அரை நாள் லீவு, ஆஸ்பத்திரி.

பொருந்துகிறது! என் சிறுநீரகம் தம்பி முரளிக்குப் பொருந்துகிறது. ரத்த வகை சரி. திசு சோதனை சரி. எனக்குச் சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவன் மனைவி ஜெயந்திக்கு வேறு ரத்த வகை. மிச்சம் நான்தான். லிஃப்டில் தெரியாத ஒரு அம்மாளிடம் இதைச் சொல்லிவிட்டேன். "பஹுத் அச்சா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஒரே இடைஞ்சல், எடை. ஐந்தடி ஓரங்குலத்துக்கு எண்பத்தாறு கிலோ. ஆபரேஷன் டாக்டர் முகம் பார்த்தே சொன்னார்: எழுபத்திரண்டுக்கு வந்தால் பேசலாம், இப்போது கத்தி வைத்தால் உங்களுக்கே ஆபத்து.

ஊசி ஒன்று இருக்கிறதாம். வாரம் ஒன்று.

ஜூன் 19, வியாழன்

அதே ஆஸ்பத்திரி, ஹார்மோன் டாக்டர். மராத்திக்காரப் பெண்மணி. நான் ஹிந்தியில் கேட்டேன், அவர் படம் போட்டு விளக்கினார். மறப்பதற்குள்:

இரண்டு மருந்து. செ. (செமாக்ளூடைட்), டி. (டிர்செபடைட்). இரண்டுமே வாரம் ஒரு நாள், தோலுக்கடியில், வயிறு அல்லது தொடை. சாப்பிட்டதும் குடலிலிருந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் ஒன்று உண்டு. செ. அதைப்போல வேலை செய்யும். டி. அதோடு இன்னொரு ஹார்மோன் வேலையையும் சேர்த்துச் செய்யும்.

சராசரியாக டி.யில் எடை கூடுதலாகக் குறைகிறது. செ. இன்னும் கொஞ்சம் பழைய மருந்து, இதயக் கோளாறு உள்ளவர்களுக்குப் பலன் பார்த்திருக்கிறார்கள்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் இரண்டிலும் உண்டு. சின்ன அளவில் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தைராய்டில் ஒரு வகைப் புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இரண்டும் கூடாது (நம் வீட்டில் இல்லை). கணையத்தில் வீக்கம் வந்ததுண்டா என்றும் கேட்டார் (இல்லை). நிறுத்தினால் பசி திரும்பும்.

"எது மேடம் சீக்கிரம் குறைக்கும்?"

"அவசரம் என்ன?"

"தம்பி வாரத்துல மூணு நாள் மெஷின்ல படுக்கறான் மேடம்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். டி. எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு இதயத் தொந்தரவு இல்லை, நிறைய குறைய வேண்டியிருக்கிறது, அதனால் இது. ஆனால் வாந்தி எடுத்தால் உடனே போன். உடம்பில் தண்ணீர் வற்றினால் முதலில் அடிபடுவது சிறுநீரகம். இதை மூன்று தடவை சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் ஊசி. ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே வைத்திருந்தேன். மகள் யாழினி வீடியோ பார்த்துக்கொண்டே, "மம்மி, வயித்துல, தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி... ரெடியா?" என்றாள். க்ளிக். அவ்வளவுதானா! எறும்பு கடித்தால்கூட இதைவிட வலிக்கும்.

இவர் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தார். அவர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஜூன் 27, வெள்ளி

அதிசயம். ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வண்டி. வாசனை வந்தது. நான் பாட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. காலையில் சாப்பிடும்போதே மதியத்தையும், மதியம் சாப்பிடும்போதே மாலையையும் நினைக்கிற மனசு இது. இன்று தலைக்குள் அந்தச் சத்தமே இல்லை. எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் நம்பினேன்.

ஆபீஸ் லஞ்ச் ரூமில் காதில் விழுந்தது: "ஆக்டர்ஸ் எல்லாம் போட்டுக்கறாங்களே அது. இந்த வயசுல இவளுக்கு எதுக்கு?" டிபன் டப்பாவைத் திறந்தேன். கேரட் நன்றாக இருந்தது.

ஜூலை 12, சனி

ஆகுர்டியில் தம்பி வீடு. டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தான். முகம் ஊதி, உதடு வெடித்து. ஜெயந்தி அவனுக்குச் சின்ன டம்ளரில் அளந்து தண்ணீர் கொடுத்தாள். என்னைப் பெரிய பாட்டில் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவன் முன் பையிலிருந்து எடுக்க முடியவில்லை.

"அக்கா, எனக்கு வாணாம். கிட்னிக்கு லிஸ்ட்ல பேர் குடுத்துருக்கு இல்ல, வரும்."

"எப்ப வரும்?"

"எப்பவோ வரும். உனக்கு ஒரு பொண்ணு இருக்கு. நாளைக்கு உனக்கே ஏதாவது ஆச்சுன்னா?"

"அதெல்லாம் பாத்துட்டுத்தாண்டா டாக்டர் சரின்றாங்க."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். படி இறங்கும்போது ஜெயந்தி கூடவே வந்தாள். "அண்ணி, அவர் பேச்சைக் கேக்காதீங்க" என்று என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் பாட்டிலைத் திறந்து அவளுக்குக் கொடுத்தேன், நானும் குடித்தேன்.

எண்பத்து மூன்று!

ஆகஸ்ட் 21, வியாழன்

ஞாயிறன்று ஊசியின் அளவை மூன்றாம் படிக்கு ஏற்றினார்கள். அன்றிலிருந்து வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. போன் செய்யவில்லை. சொன்னால் அளவைக் குறைப்பார்கள், நாள் தள்ளும். இன்று மாதாந்திர ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் ஏறிவிட்டது, சிறுநீரகம் அடிபட்டதற்கு அடையாளம்.

டாக்டர் சத்தம் போடவில்லை. "எதைக் கொடுக்கணும்னு குறைக்கிறீங்களோ, அதையே கெடுத்துக்கறீங்க." அரை நாள் டிரிப்ஸ்.

மற்ற மருந்துக்கு மாறலாமா என்று கேட்டேன். அதிலும் குமட்டல் உண்டு, மருந்து தப்பில்லை, அளவுதான் உங்களுக்கு அதிகம் என்றார். பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். ஒரு வாரம் ஊசி இல்லை.

பஸ்ஸில் அழுகை. முரளிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கிரியாட்டினின் பழையபடி! ரிப்போர்ட்டைப் பார்த்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சாமி, சாமி, சாமி.

இனி: அளவு ஏற்றம் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. முட்டை, சுண்டல், பனீர், தயிர். தசை கரையாமல் இருக்க எடை தூக்க வேண்டுமாம். யாழினி இரண்டு பாட்டிலில் மணல் நிரப்பித் தந்தாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி. அதிரசம் ஒன்றே ஒன்று. ருசித்துத் தின்றேன், அடுத்ததைக் கை தேடவில்லை. பழைய பச்சைப் பட்டு ரவிக்கை கொக்கி மாட்டியது. இவர்: "அட, நம்ம கல்யாண ஃபோட்டோவில இருக்கற பொண்ணு!" வெட்கமாகப் போயிற்று.

எழுபத்தாறு. மெதுவாக, ஆனால் இறங்குகிறது.

டிசம்பர் 15, திங்கள்

குளிர். ஸ்வெட்டர் தொளதொள.

எழுபத்தொன்றரை!! நர்ஸ் இயந்திரத்தை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். அதேதான்.

உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் குழுவின் முன் என்னைத் தனியாக உட்காரவைத்தார்கள். "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று ஒரு அதிகாரி கேட்டார். "ஆமாம் சார், தம்பிதான். கொடுக்காதே, கொடுக்காதேன்னு கட்டாயப்படுத்தறான்." அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கையெழுத்து ஆயிற்று. ஜனவரி கடைசியில் ஆபரேஷன்.

ஊசியை இன்றோடு நிறுத்தச் சொன்னார்கள். இரைப்பை மெதுவாகக் காலியாகுமாம், மயக்க மருந்தின்போது அது ஆபத்தாம்.

ஜனவரி 9, வெள்ளி

பசி திரும்பிவிட்டது. பழைய தோழி மாதிரி நேராகச் சமையலறைக்கே வந்து நிற்கிறது. ஒரு கிலோ ஏறியது, நடந்து இறக்கினேன். ஆபரேஷனுக்குப் பிறகு, தேறியதும், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கலாம் என்றார் டாக்டர்.

இரவுச் சாப்பாட்டின்போது முரளி போன். சாப்பிட்டாச்சா என்று கேட்டான். பிறகு: "அக்கா... பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படலாம், வா."

ஜனவரி 30, வெள்ளி

ஆஸ்பத்திரி. கையெழுத்து கோணல், படுத்தபடி எழுதுகிறேன். இடுப்பில் தையல் இழுக்கிறது. இருமக் கூடாது, சிரிக்கக் கூடாது.

நேற்று நடந்தது அரைகுறையாகத்தான் நினைவு. சில்லென்ற அறை. யாரோ மராத்தியில் பாடிக்கொண்டிருந்தார். பிறகு இவர் முகம், கண் சிவந்து. "முரளி?" என்று கேட்டேனாம், திரும்பத் திரும்ப.

இப்போது ஜெயந்தி வந்தாள். ஐ.சி.யு.விலிருந்து செருப்பைக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறாள். வாசலிலிருந்தே கத்தினாள்:

"அண்ணி! மூத்திரம் வருது அண்ணி! ரெண்டு வருசமா சொட்டுகூட இல்லாம இருந்தாரே... பை ரொம்பிடுச்சி, மாத்தறாங்க, மறுபடியும் ரொம்பிடுச்சி!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிரித்துவிட்டேன். உயிரே போகிற மாதிரி வலி. நிறுத்த முடியவில்லை.